கிரயமா, இரவலா? இல்லத்து மின் கருவிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கரிசல் மண்ணின்மேல் வீடு கட்டிக்கொண்டவர்களுக்குச் சுவர் என்பது ஒரு முறை எழுப்பிவிட்டு மறந்துவிடத்தக்க பொருளன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரைக் குடித்துப் பருத்து, பங்குனி, சித்திரை வெயிலில் அந்நீரை இழந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் அம்மண்ணின் இயல்பு, தன்மேல் நிற்கும் கட்டடத்தையும் ஆண்டுதோறும் சிறிது அசைத்துப் பார்த்துவிடுகிறது. ஆகையால் விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கங்களில் விரிசலைக் கொத்திப் பூசுவதும், பிடித்துக்கொண்ட கதவைக் கழற்றிச் சீவுவதும், பெயர்ந்த அலமாரியை வேறு இடத்தில் மாட்டுவதும் குடும்பஸ்தர்கள் பலருக்கு வருஷாந்தரக் கடமைகளாகவே அமைந்துவிட்டன. பங்குனிப் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க ஆரம்பிக்கும்போது இவ்வேலைகள் எல்லாம் ஒருசேர நினைவுக்கு வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும். நான்கு துளை இடுவதற்காக டிரில்லிங் மெஷின் ஒன்றை விலை கொடுத்து வாங்கிவிடுவதா, அல்லது எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவதா?

பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இக்கேள்வி, ஆராயப் புகுந்தால், பணம், உபயோகம், அயலாரோடு கொண்ட உறவு, சட்டம், உயிர்ப் பாதுகாப்பு ஆகிய பல விஷயங்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் ஜீவனமாக உள்ள சிவகாசி வட்டாரத்தில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளி நெருங்கும்வரை ஓயாத வேலை, தீபாவளி கழிந்தபின் சில வாரங்கள் ஆலை அடைப்பு என்று ஆண்டு இரண்டாகப் பிளவுபட்டிருப்பதால், கையில் காசு உள்ள காலத்தில் வீட்டைக் கவனிக்க நேரம் இருப்பதில்லை. நேரம் கிடைக்கும் காலத்தில் காசு கரைந்துவிடுகிறது. இத்தகைய குடும்பத்தில் ஒரு கருவிக்குச் செலவிடும் மூவாயிரம் ரூபாய், மாதச் சம்பளக்காரர் செலவிடும் மூவாயிரம் ரூபாயைக் காட்டிலும் கனமானது. ஆகவே இக்கேள்வியைப் பொறுமையாகப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

நான்கு வழிகள்

வாங்குவதா, இரவல் பெறுவதா என்று இரண்டு வழிகளையே நாம் பேசிக்கொண்டாலும், உண்மையில் நம்முன் உள்ளவை நான்கு. விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் கிரயம் ஒன்று. கூலியின்றி, உறவையோ நட்பையோ முன்னிட்டுச் சிறிது காலத்துக்குப் பெறும் இரவல் ஒன்று. நாள் கணக்கில் பணம் கொடுத்துப் பெறும் வாடகை ஒன்று. கருவியோடு வரும் தொழிலாளியை அழைத்து வேலையையே அவரிடம் ஒப்படைத்துவிடுவது ஒன்று. நான்காவதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கருவி சுலபமாகக் கிடைக்கும் இக்காலத்திலும் கைப்பழக்கம் சுலபமாகக் கிடைப்பதில்லை. 1922இல் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகச் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போன பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் ஆகிய இருவரும் திரும்பி வந்தபோது ஊருக்குக் கொண்டுவந்த பெரும் சொத்து, கற்றுக்கொண்ட தொழிலறிவே அல்லவா? தச்சர், கொத்தர், கொல்லர் முதலிய 18 தொழில்களைச் சார்ந்த கைவினைஞர்களுக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவும் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17இல் தொடங்கப்பட்டதன் நியாயமும் இதுவே: தொழில் தெரிந்த கையில் சேரும் கருவி ஆண்டு முழுவதும் உழைக்கிறது.

இக்கேள்வி எப்போது பிறந்தது என்பதையும் பார்ப்போம். கையில் பிடிக்கும் மின்சாரத் துரப்பணத்தை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம் 1895இல் செய்தது. கைத்துப்பாக்கிபோன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. இவை யாவும் தொழிற்சாலைக்கென்றே பிறந்தவை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகே இல்லங்களுக்கென்று மலிவான கருவிகள் விற்பனைக்கு வந்தன. நம் ஊர்களிலோ, உளியும் சுத்தியலும் தச்சரின் கைத்துரப்பணமுமே நெடுங்காலம் போதுமானவையாக இருந்தன. அவை தொழிலாளியின் உடைமைகள். ஆயுத பூஜையன்று அவற்றைத் துடைத்துச் சந்தனமிட்டு வைத்தவரே மறுநாள் அவற்றைக் கையாண்டார். கருவியை வைத்திருப்பவரும் கையாள்பவரும் வேறு வேறு மனிதர்களாக இருக்கலாம் என்ற நிலை, மின் கருவி வீட்டுக்குள் வந்தபின் பரவியது. நம் கேள்வியும் அதனோடுதான் வந்தது.

இவ்வூர்களின் வழக்கம்

பொருளைப் பொதுவில் வைத்துப் பலர் பயன்கொள்ளும் சம்பிரதாயம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கிய விருதுநகரிலும், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களிலும் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்தனர். வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்குவதற்கான அவ்விடங்களைத் தனித்தனியே கட்டிக்கொள்ள எந்த வணிகருக்கும் வசதி போதாது. ஆகவே விற்கும் சரக்கின்மேல் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்து, அந்நிதியை உறவின்முறை என்னும் சமூக சபையின் வசம் ஒப்படைத்து, பொதுவில் கட்டிப் பொதுவில் பராமரித்தனர். அடுப்பில் உலை வைக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சேர்த்த பிடியரிசியைக் கொண்டு 1880களில் விருதுநகரில் பள்ளிக்கூடம் நடத்தப்பட்ட வரலாறும் இதே வகையைச் சார்ந்தது. பின்னாளில் காமராஜர் படித்தது அந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான்.

தொழில் உலகிலும் இதே அறிவு செயல்படுவதைச் சிவகாசியின் அச்சகத் தெருக்களில் நடப்பவர் காணலாம். ஆப்செட் இயந்திரம் வைத்திருப்பவர் லேமினேஷன் இயந்திரமும், பஞ்சிங் இயந்திரமும், பெரிய கட்டிங் மெஷினும் தாமே வாங்கிப்போட வேண்டும் என்று நினைப்பதில்லை. அச்சடித்த தாளை ஏற்றி அனுப்பி, அடுத்த தெருவில் அதையே தொழிலாகக் கொண்டவரிடம் ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குகிறார். எந்த இயந்திரம் தம்மிடம் நாள் முழுவதும் ஓடுமோ அதை வாங்குவது, ஒரு மணி நேரமே ஓடக்கூடியதைப் பிறரிடம் கூலிக்குக் கொடுப்பது என்னும் இக்கொள்கை, இலட்சக்கணக்கில் முதலீடு செய்யும் தொழிலுக்குப் பொருந்துமானால், ஒரு வீட்டின் டிரில்லிங் மெஷினுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணமில்லை.

வாடகையும் பழகிய வழக்கமே. கலியாணத்துக்குப் பாத்திரமும் பந்தலும், தளம் போடும்போது சென்டரிங் சீட்டும் ஜாக்கியும், கான்கிரீட்டுக்குக் கலவை மெஷினும் வைப்ரேட்டரும் நாம் வாடகைக்கே எடுக்கிறோம். உழவர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் புல்டோசரையும் வாடகைக்கு விடுகிறது. 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின்கீழ் தனியாரும் குழுக்களும் வாடகை மையங்களை நடத்துகின்றனர். ஐந்து ஏக்கர் சம்சாரி டிராக்டர் வாங்காததை யாரும் குறைவாக நினைப்பதில்லை. வீட்டுக் கருவியில் மட்டும் இரவலைக் கூச்சமாகவும் சொந்தத்தைக் கௌரவமாகவும் கருதும் மனோபாவம் எங்கிருந்தோ நம்மிடம் புகுந்துவிட்டது.

கணக்கு

கௌரவத்தை ஒதுக்கிவிட்டு எண்ணைப் பார்ப்போம். ஒரு கருவியின் உண்மையான செலவு, வாங்கும் விலையிலிருந்து பிற்பாடு விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்து, இடைக்காலப் பழுதுச் செலவைக் கூட்டினால் வருவதாகும். வாடகையின் உண்மையான செலவு, நாள் வாடகையோடு போய்வரும் ஆட்டோச் செலவையும் சேர்த்ததாகும். முன்னதைப் பின்னதால் வகுத்தால், எத்தனை நாள் உபயோகித்தால் வாங்குவது ஆதாயம் என்பது தெரிந்துவிடும்.

உதாரணத்துக்காக, டிரில்லிங் மெஷினின் விலை 3,000 ரூபாய், ஐந்து ஆண்டு கழித்து விற்றால் 800 ரூபாய், பழுதுச் செலவு 300 ரூபாய் என்று கொண்டால், ஐந்தாண்டுச் செலவு 2,500 ரூபாய் ஆகிறது. நாள் வாடகை 200 ரூபாயும் போக்குவரத்து 50 ரூபாயும் என்றால், பத்து நாள் வாடகை இதற்குச் சமம். அதாவது ஆண்டுக்கு இரண்டு நாள் வேலை இருந்தாலே சொந்தமாக வாங்குவது நஷ்டமாகாது. சுவரையும் தளத்தையும் உடைக்கும் பிரேக்கருக்கு இதே கணக்கைப் போடுவோம். விலை 18,000, மறுவிற்பனை 6,000, பழுது 1,500 என்று கொண்டால் செலவு 13,500 ரூபாய். நாள் வாடகையும் போக்குவரத்துமாக 675 ரூபாய் என்றால் இருபது நாள் வாடகை அதற்குச் சமம். எந்தக் குடும்பஸ்தரும் ஐந்தாண்டில் இருபது நாள் தம் வீட்டையே இடித்துக்கொண்டிருக்க மாட்டார். விலைகள் கடைக்குக் கடை மாறும். ஆனால் வகுத்துப் பார்க்கும் முறை மாறாது.

இக்கணக்கில் அகப்படாத செலவுகளும் உண்டு. வெறும் செங்கல் சுவருக்கு இம்பாக்ட் டிரில் போதும். அதில் இரண்டு பற்சக்கரத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிச் சிறு அதிர்வுகளை உண்டாக்குகின்றன. கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ அது திணறும். உள்ளே காற்றை அழுத்தித் தண்டை ஓங்கி அடிக்கும் ரோட்டரி ஹாம்மரே அங்கு வேலைக்காகும். இந்த பேதம் அறியாமல் மலிவான மெஷினை வாங்கி, தூணில் அழுத்தி அழுத்தி மோட்டாரைக் கருக்கியவர்கள் பலர். கம்பியில்லாத பாட்டரி டிரில்லோ, உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் வயதாகிக்கொண்டே போவது. லித்தியம் பாட்டரிக்கு வெப்பம் சத்துரு. விருதுநகரின் கோடையில் மாடி அறை அலமாரியில் ஆண்டு முழுவதும் கிடக்கும் பாட்டரி நெடுநாள் உழைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரு கம்பெனியின் பாட்டரி மற்றொரு கம்பெனியின் கருவியில் பெரும்பாலும் சேர்வதுமில்லை. எனவே எப்போதாவது ஒரு துளை இடுபவருக்குக் கம்பியுள்ள கருவியே உசிதமானது.

இரவலின் தர்மம்

இரவலுக்கு வாடகை இல்லை என்பதால் அதற்கு விலையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டிரில்லிங் மெஷினின் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் என்னும் இரு சிறு கரித்துண்டுகள் சுழலும் பகுதியோடு உராய்ந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன. அவை தேயத்தான் செய்யும். பத்து வீட்டுக்குப் போய்வந்த மெஷினில் பத்தாவது வீட்டில் அவை தீர்ந்து மெஷின் நின்றுபோனால், ஒன்பது வீட்டின் தேய்மானமும் பத்தாமவர் தலையில் பழியாக விழுகிறது. சிறு தொகையில் மாற்றிவிடக்கூடிய அந்தக் கரித்துண்டுக்காகப் பல ஆண்டு நட்பு கசந்துபோன கதையை நான் என் தெருவிலேயே கண்டிருக்கிறேன். “இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தலை எறிந்தாளாம்” என்னும் பழமொழி பெறுபவருக்கு எச்சரிக்கை. கொடுப்பவருக்கும் எச்சரிக்கை வேண்டும்; அவர் மறுக்க மாட்டாமல் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கவும் மாட்டாமல் மனத்துக்குள் புழுங்குகிறார்.

இவ்விஷயத்தில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நம் பாட்டிமார் சொல்லும் நியாயத்தையே சொல்லியிருப்பது வியப்பைத் தருகிறது. பிறர் பொருளை ஏற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வாறு பேணுவாரோ அவ்வாறு பேண வேண்டும் என்பது 151ஆம் பிரிவின் கருத்து. எந்த வேலைக்கென்று வாங்கினாரோ அதற்குப் புறம்பாக உபயோகித்துச் சேதம் விளைந்தால் பொறுப்பு அவருடையதே என்கிறது 154ஆம் பிரிவு. உரிய நேரத்தில் திருப்பித் தராமல் வைத்திருக்கையில் நேரும் சேதமும் அவரையே சேரும் என்கிறது 161ஆம் பிரிவு. கொடுப்பவருக்கும் கடமை உண்டு. 150ஆம் பிரிவின்படி, கருவியில் தாம் அறிந்த பழுதை அவர் சொல்லியே கொடுக்க வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவரோ, அப்பழுதை அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும் அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பாளி ஆகிறார். வயர் உரிந்த மெஷினைச் சொல்லாமல் கொடுப்பது எத்தகைய அபாயம் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விதியின் அருமை புலப்படும்.

ஆகவே இரவல் வாங்குபவர் மூன்று காரியங்களைத் தம் கடமையாகக் கொள்வது நல்லது. முதலாவது, துளையிடும் பிட்டையும் அறுக்கும் வட்டையும் தாமே புதிதாக வாங்கிக்கொள்வது. ஏனெனில் தேய்மானத்தின் பெரும்பகுதி அவற்றில்தான். இரண்டாவது, வாங்கும்போதே திருப்பித் தரும் நாளைச் சொல்லி, அந்நாள் மாலைக்குள் துடைத்து, வயரைச் சுற்றி, தாமே கொண்டுபோய்க் கொடுப்பது. மூன்றாவது, தம் கையில் இருக்கும்போது பழுதானால், யார் காலத்துத் தேய்மானம் என்று வழக்காடாமல், பழுது நீக்கிக் கொடுப்பது. இம்மூன்றுக்கும் மனம் இசையாதவர் வாடகைக் கடையை நாடுவதே கௌரவம்.

தீப்பொறியின் பூமி

இனி, இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். இதில் பணக்கணக்குக்கு இடமே கிடையாது. பட்டாசுத் தொழிற்சாலைகளின் மருந்து அறைகளில் மரம், பித்தளை, செம்பு முதலிய பொறி எழாத பொருள்களாலான கருவிகளையே கையாள வேண்டும் என்பதும், உராய்வும் நிலைமின்சாரமும் எழாதபடி காக்க வேண்டும் என்பதும் அத்தொழிலில் உள்ள அனைவரும் அறிந்த பால பாடங்கள். ஆனால் சாதாரண டிரில்லிங் மெஷினின் காற்றுத் துவாரத்தை இருட்டில் உற்றுப் பார்த்தால், கார்பன் பிரஷ் உராயுமிடத்தில் நீலப் பொறிகள் தெறிப்பதைக் காணலாம்; ஓடும்போதெல்லாம் பொறி எழுப்புவது அதன் பிறவிக் குணம். இரும்பை அறுக்கும் கிரைண்டிங் மெஷினைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நான்கு அங்குல வட்டு நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தில் பறக்கும் இரும்புப் பொறி பல அடி தூரம் சென்று விழும்.

ஆகவே மருந்தோ, திரியோ, பட்டாசுக் கட்டோ சிறிதளவேனும் உள்ள அறையிலும் அதன் அருகிலும் எந்த மின் கருவியும், சொந்தமாயினும் இரவலாயினும், ஓடலாகாது. வேலை முடித்துவந்த துணியோடு கருவியைத் தொடுவதும் ஆகாது; மருந்துத் தூள் துணியின் மடிப்பில் தங்கியிருக்கக்கூடும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் கொண்டுபோன தீயை நினைக்குந்தோறும், இவ்வட்டாரத்தில் தீயை அலட்சியமாகப் பேச ஒருவருக்கும் நாவெழாது. இத்தகைய சந்தேகத்துக்கு இடமுள்ள இடத்தில் உளியும் சுத்தியலும்கூட வேண்டாம். இடத்தைக் காலி செய்து சுத்தப்படுத்திய பின்னரே எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

பொதுவான ஜாக்கிரதைகளும் சில உண்டு. 1,500 வாட் பிரேக்கர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதை வீட்டின் 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பிளக்கே அதற்குரியது. கிரைண்டிங் மெஷினுக்கு வாங்கும் வட்டின்மேல் அச்சிட்டுள்ள அதிகபட்சச் சுற்று எண் மெஷினின் எண்ணைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். அதன் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். இரவல் மெஷினில் வட்டின்மேல் உள்ள பாதுகாப்புக் கவசம் கழற்றப்பட்டிருந்தால், அந்த மெஷினை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதே உத்தமம்.

பொதுக் கருவிச்சாலை

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் கருவிகள் மூன்று தரமாகப் பிரிவது தெரியும். சுத்தியல், ஸ்குரூ டிரைவர், ஸ்பானர், ரசமட்டம், மின்சாரம் பார்க்கும் டெஸ்டர் ஆகியவை ஒவ்வொரு வீட்டிலும் சொந்தமாக இருக்க வேண்டியவை. இவற்றை இரவல் கேட்பது தீப்பெட்டி கேட்பதுபோல் அயலாருக்குத் தொந்தரவு. பிரேக்கர், கல் அறுக்கும் மெஷின், வெல்டிங் செட் ஆகியவை வாடகைக்கோ, தொழில் தெரிந்தவரின் கைக்கோ உரியவை. இரண்டுக்கும் நடுவே டிரில், ரோட்டரி ஹாம்மர், சிறிய கிரைண்டர், உயரமான ஏணி என்று ஒரு வகுப்பு இருக்கிறது. ஒரு வீட்டுக்கு அது மிகை; ஒரு தெருவுக்கு அவசியம். நம் கேள்வி எழுவதும் சச்சரவு எழுவதும் இந்நடு வகுப்பில்தான்.

இந்நடு வகுப்புக்கு வெளிநாட்டார் கண்ட வழி, நூலகத்தைப்போல் கருவிகளைக் கடன் கொடுக்கும் நிலையம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து கிராஸ் பாயிண்ட்டில் 1943இலும், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பொது நூலகத்தில் 1979இலும் இத்தகைய நிலையங்கள் தொடங்கப்பட்டன. 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்ட நம் மாநிலத்தில், நூலுக்குச் செய்ததைக் கருவிக்கும் செய்யலாமே என்று எண்ணுவது இயல்பு. நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே உரியது என்னும் கருத்தைத் தம் நூலக விதிகளுள் முதலாவதாக வைத்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், அலமாரியில் உறங்கும் டிரில்லிங் மெஷினைக் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் கருவி நூலன்று. அது தேயும், காயப்படுத்தும். ஆகவே நிலையம் அமைப்பதைவிட அதைப் பராமரிப்பதே கடினம். அதற்கான வழி நம்மிடமே இருக்கிறது, அதுவே மகமை. இருபது வீடு உள்ள ஒரு தெருவில் வீட்டுக்கு 500 ரூபாய் போட்டால் 10,000 ரூபாய் சேரும். நல்ல ரோட்டரி ஹாம்மர் ஒன்றும் ஏணியும் வாங்க அது போதுமான தொகை. எடுப்பவர் ஒவ்வொருவரும் ஒரு நாளுக்கு ஒரு சிறு தொகையை மகமையாகப் போட வேண்டும். அது கார்பன் பிரஷுக்கும் வயருக்கும் பழுதுக்கும் உரிய நிதி. பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். ஒரு நோட்டு வேண்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அவர் முன்னிலையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் நடந்தால், பத்தாம் வீட்டுக்காரர் தலையில் பழி விழாது. ஒன்பது வீட்டின் தேய்மானமும் ஒன்பது வீட்டின் மகமையாலேயே முன்கூட்டித் தீர்ந்திருக்கும்.

ஆட்சேபம் ஒன்று எஞ்சுகிறது. சொந்தமாகக் கருவி இருந்தால்தானே கை பழகும், நினைத்தபோது வேலை செய்ய முடியும் என்பர். அது நியாயமான வாதம். மர வேலையில் ஆசை உள்ளவரும், ஞாயிறுதோறும் எதையேனும் செய்து பார்ப்பவரும், வீட்டைத் தாமே எழுப்பிக்கொள்பவரும் தயங்காமல் வாங்கலாம். அவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் என்ற எல்லை சில வாரங்களிலேயே கடந்துவிடும். ஆனால் அவர்களும் வாங்கும்போதே தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இதைத் துடைத்து, எண்ணெயிட்டு, பிரஷ் மாற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் காப்பாற்றும் கடமையையும் சேர்த்து ஏற்கிறோமா? கடைக்காரரிடம் கொடுப்பது விலையின் ஒரு பகுதியே. மற்ற பகுதியை அவர்கள் ஆண்டுதோறும் தம் கையால் செலுத்தியாக வேண்டும்.

ஆகவே கிரயமா, இரவலா என்னும் கேள்விக்கு நான் கண்ட முடிவு இது. எந்தக் கருவியைப் பேணும் கடமையை ஒருவர் முழு மனத்தோடு ஏற்க முடியுமோ அதை அவர் வாங்கலாம். ஏற்க முடியாததற்கு, அக்கடமையைத் தொழிலாக ஏற்றிருக்கும் வாடகைக் கடைக்காரருக்கோ கைவினைஞருக்கோ உரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். இடைப்பட்டதைத் தெருவார் கூடி ஏற்றுக்கொள்ளலாம். கடமையை ஒருவர் தலையிலும் உபயோகத்தை மற்றொருவர் கையிலும் வைக்கும் இரவல் ஒன்றே நிலைத்து நில்லாதது. இந்த ஐப்பசி மழைக்கும் கரிசல் பருக்கும், வருகிற சித்திரையில் சுருங்கும், சுவரில் எங்கேனும் ஒரு கீறல் விழும். அதற்குள் தெருவில் நான்கு பேர் கூடி உட்கார்ந்து, ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் தத்தம் பங்குத் தொகையை எழுதி வைத்துவிட்டால், அந்தக் கீறலைக் கொத்திப் பூசும் நாளில் யாரும் யாருடைய கதவையும் தயங்கித் தயங்கித் தட்ட வேண்டியிராது.